ஜெனரலின் தங்கை எழுதிய கடிதம்

உக்காருங்க ஐயா. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஹவானாவிலேர்ந்து ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்திருக்கீங்க, சிலைக் கமிட்டிச் செயலாளர்னு சீட்டுல போட்டிருக்கு. சந்தோஷம். ஆனா நீங்க தேடி வந்தது எதுவும் எங்கிட்ட இல்லை. ஜெனரல் லெயாண்ட்ரோ பெனால்வெரோட வாள் இல்லை. தொப்பி இல்லை. சின்ன வயசுப் படம் இல்லை. ஞானஸ்நானத்துக்குப் போட்ட சட்டையை எங்கம்மா பெட்டியில வெச்சிருந்தாங்க, அதுவும் இல்லை. ஏன் இல்லைன்னு கேளுங்க. அவனே கொளுத்திட்டான்.

அவன்ங்கறாளேன்னு பாக்கறீங்க. என்னைவிட மூணு வயசு மூத்தவன்தான். அண்ணா அண்ணான்னு பின்னாடியே சுத்தினவதான் நானும். இப்ப முப்பது வருஷமா அவன். நீங்க கல்லுல செதுக்கறதுக்காக நான் மாத்திக்க முடியாது.

படத்தைக் காட்டுங்க, எப்படிச் செய்யப் போறீங்கன்னு பாக்கறேன். குதிரை. முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு நிக்கற குதிரை. நல்லா இருக்கு. கடைசி ரெண்டு வருஷம் அவங்கிட்ட குதிரையே கிடையாது ஐயா. பசிக்கு அடிச்சுத் தின்னுட்டாங்க. காலுல செருப்பும் கிடையாது. உங்க சிற்பிகிட்ட சொல்லுங்க.

சிப்ரியானோ, ஐயாவுக்குக் காபி கொண்டா.

அவனைப் பாத்ததும் நீங்க எழுந்து நின்னீங்க. அதெல்லாம் வேண்டாம். சண்டையில மேஜர்னு பட்டம் குடுத்தாங்க, அது அங்கே. எங்க சர்க்கரை ஆலையில பாகுக் கொப்பரை கிண்டிக்கிட்டிருந்தவன் அவன். வீடு அவன் பேர்ல இருக்கறது உண்மைதான். நிலமும் அவன் பேர்லதான். இருபத்தஞ்சு வருஷமா இங்கேதான் இருக்கேன், அவன் உழுது கொண்டுவர்றதைத்தான் சாப்பிடறேன். அதுக்காக முறை மாறிடுமா. எங்க வீட்டு ஆளு அவன். ஒத்தைக் கையாலதான் போடுவான், ஆனா காபி நல்லா இருக்கும். குடிங்க.

சரி, எழுதிக்கங்க. ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தெட்டுல சண்டை ஆரம்பிச்சுது. ஸ்பெயின்காரன் போகணும், கியூபா நமக்குன்னு. எனக்கு அப்ப இருபத்து நாலு வயசு. அப்பா தவறி ரெண்டு வருஷம். ஆலை, கரும்புத் தோட்டம் எல்லாம் இவன் கையில. நல்லாத்தான் நடத்தினான், குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலையில சாப்பிட்டுக்கிட்டே, மலையில ஆள் சேருது, நானும் போறேன்மான்னு சொன்னான். தட்டுல இருந்ததை மிச்சம் வைக்காம சாப்பிட்டான், அம்மா கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தான், போயிட்டான். பார்சிலோனாவுல நாலு வருஷம் வக்கீலுக்குப் படிச்சவன். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவன். ஆறு மாசத்துல நாப்பது பேருக்குத் தலைவன். அப்பறம் ஜெனரல்.

அடுத்த வருஷம் உத்தரவு போட்டான். நம்ம சர்க்கரையை வித்துத்தான் ஸ்பெயின்காரன் நம்மைச் சுடறதுக்குத் தோட்டா வாங்கறான், அதனால இந்தப் பள்ளத்தாக்குல ஒரு ஆலை நிக்கக்கூடாதுன்னு. பதினாலு ஆலை இருந்துச்சு. மத்த முதலாளிங்க ஆள் அனுப்பி, உன் வீட்டு ஆலையையும் சேத்துத்தான் சொல்றியான்னு கேட்டிருக்காங்க. கேக்கத்தானே செய்வாங்க. அதுக்கு இவன் பதில் சொல்லி அனுப்பலை. நேரா எங்க வீட்டுக்கு வந்தான்.

ஞாயித்துக்கிழமை. பூசைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தோம். நாப்பது பேரோட வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, ரெண்டு மணி நேரம் இருக்கு, வேணுங்கறதை எடுத்துக்கங்கன்னான். எங்க கொள்ளுத்தாத்தா கட்டின வீடு. அதுக்கு ரெண்டு மணி நேரம். நான் என்ன எடுத்தேன் தெரியுமா? ஒரு கிளிக்கூண்டை எடுத்தேன். உள்ள கிளி இல்லை, அது முந்தின மாசமே செத்துப்போச்சு. அந்த வெறுங்கூண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு அறை அறையா நடந்தேன். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க. அவனும் இன்னொருத்தனுமா நாற்காலியோட தூக்கிக் கொண்டுபோய் இலவ மரத்தடியில வெச்சாங்க. அம்மா அவன் முகத்தைப் பாக்கவே இல்லை.

அப்பறம் ஆலை மணியை அடிக்கச் சொன்னான். அறுபத்து மூணு பேர் வந்து நின்னாங்க. எங்க அடிமைங்க. நாங்க கொடுமைக்காரங்க இல்லை ஐயா, அதையும் எழுதிக்கங்க. கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒரு சட்டை குடுப்போம். சவுக்கு கங்காணி கையிலதான் இருந்துச்சு, எங்கப்பா கையால தொட்டதே இல்லை. இவன் என்ன பண்ணினான், அவங்க முன்னால தொப்பியைக் கழட்டினான். பெரிய பெரிய மனுஷங்க முன்னால கழட்டாதவன். "உங்களுக்கு நான் விடுதலை தர்றேன்னு சொல்ல எனக்கு வாய் இல்லை. உங்களோடதை எங்க குடும்பம் பிடுங்கி வெச்சிருந்துச்சு. இன்னிக்குத் திருப்பித் தர்றேன். என்கூட வர்றவங்க வாங்க, போறவங்க போங்க"ன்னான்.

பிடுங்கி வெச்சிருந்தோமாம். அம்மா காதுல விழற மாதிரி.

சிப்ரியானோதான் பந்தத்தைக் கொளுத்தி அவன் கையில குடுத்தான். முதல்ல அப்பாவோட படிக்கிற அறை. அப்பறம் கூடம். அப்பறம் ஆலை. சர்க்கரை எரியற வாசனை உங்களுக்குத் தெரியாது. முதல்ல நல்லா இருக்கும், பலகாரம் பண்ற மாதிரி. அப்பறம் தொண்டையைப் பிடிக்கும். அவன் தயங்கினதாக்கும்னு நீங்க எழுதிடாதீங்க. தயங்கலை, நான் பாத்தேன். சிப்ரியானோ வேற சொல்றான், ஜெனரல் ஆலைக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தாரு, நான்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன்னு. நம்ப மாட்டேன். அவனுக்கு ஜெனரல்னா உசிரு, எதையாவது சொல்லுவான்.

எனக்குப் பேசி வெச்சிருந்த மாப்பிள்ளை பக்கத்து ஆலைக்காரர் மகன். அந்த மாசமே குடும்பத்தோட ஸ்பெயினுக்குக் கப்பலேறிட்டான். ஒரு வரி எழுதிப் போடலை. அதையும் லெயாண்ட்ரோ பேர்லதான் எழுதணும். வேற யார் பேர்ல எழுதறது?

நானும் அம்மாவும் டவுனுக்குப் போனோம். மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு அறை. பிழைக்கணுமே, துணி தைச்சேன். யாருக்குங்கறீங்க, ஸ்பெயின் பட்டாளத்துக்குத்தான். மலையில அண்ணன் சுடறான், கீழே தங்கச்சி அவன் சுடற ஆளுங்களுக்குச் சட்டை தைக்கிறா. ஊர்ல யாரும் என்கூடப் பேச மாட்டாங்க. ஸ்பெயின் பக்கம் இருந்தவங்களுக்கு நான் கலகக்காரன் தங்கச்சி. அவன் பக்கம் இருந்தவங்களுக்கு நான் பட்டாளத்துத் தையக்காரி.

மூணாம் வருஷம் காலரா வந்துச்சு. அம்மா அஞ்சே நாள்ல போயிட்டாங்க. அவன் அடக்கத்துக்கு வரலை. பெத்த தாய் ஐயா. நாலு பேர் தூக்கினாங்க, நாலு பேரும் கூலிக்கு வந்தவங்க. கல்லறையைச் சுத்தி அவனைப் பிடிக்கறதுக்காகவே முப்பது சிப்பாய் நின்னாங்க, அது எனக்குத் தெரியும். வந்திருந்தா அங்கேயே சுட்டிருப்பாங்க, அதுவும் தெரியும். இருந்தாலும் வரலை. நான் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அங்கே மலையில என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னா, சிப்ரியானோவைக் கேப்டன் ஆக்கினான். எங்க பழைய அக்கம்பக்கத்து வீட்டுப் பையனுங்க, எங்களை மாதிரி வெள்ளைத்தோல் குடும்பத்துப் பிள்ளைங்க, எங்க பழைய அடிமைக்கு சல்யூட் அடிக்கணும். மூணு பேர் அது முடியாதுன்னு மலையிலேர்ந்து இறங்கி வந்துட்டாங்க. போறவன் போகட்டும், சிப்ரியானோ சண்டை போடத் தெரிஞ்சவன், நீங்க குடும்பப் பேர் சொல்லத் தெரிஞ்சவங்கன்னானாம். இப்படி எல்லாரையும் பகைச்சுக்கிட்டான். அரிசி இல்லை, தோட்டா இல்லை, ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது, ஆனா இறங்கி வர மாட்டான். ஆறு வருஷம்.

இப்ப சொல்லப் போறதைக் கவனமா எழுதிக்கங்க. இதை நீங்க வேற மாதிரி படிச்சிருக்கீங்க.

எழுபத்து நாலு. மார்ச் மாசம். ஸ்பெயின் பட்டாளத்துக் கர்னல் அரிஸ்மெண்டி என் அறைக்கு வந்தான். மரியாதையா வந்தான், கதவைத் தட்டிட்டு நின்னான். ஆறு வருஷத்துல ஒரு ஆம்பளை எனக்காகத் தொப்பியைக் கழட்டினது அன்னிக்குத்தான். அம்மணி, உங்க அண்ணன் வீணா சாகப் போறார், எனக்கு அதுல இஷ்டமில்லைன்னான். பழைய காபித் தோட்டத்துக்கு அவரைத் தனியா வரச் சொல்லி நீங்க எழுதுங்க, நான் அவரைப் பத்திரமா ஜமைக்காவுக்குக் கப்பலேத்தறேன், நீங்களும் கூடப் போகலாம்னான். என் பட்டாளத்து மானத்து மேல சத்தியம்னான்.

நம்பினியான்னு கேக்கறீங்க. கேக்கலை, ஆனா கண்ணு கேக்குது. நம்பினேன். பாதி நம்பினேன். மீதிப் பாதியை நான் யோசிச்சுப் பாக்கலை. எனக்கு அலுத்துப்போச்சு ஐயா. விரல் முழுக்க ஊசிக்குத்து. அவன் எங்கேயாவது உசிரோட இருந்தா போதும், சண்டை முடிஞ்சா போதும், எவன் ஜெயிச்சா எனக்கென்ன. அதோட, பொய் சொல்லக் கூடாது, அவனைத் தோத்தவனா ஒரு தடவை பாக்கணும்னும் இருந்துச்சு. கப்பல்ல என் பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவன் நிக்கணும், வீட்டைக் கொளுத்தினது தப்புதான்னு அவன் வாயால சொல்லணும்.

கர்னல் ஒரே ஒரு வரிதான் சொன்னான். இடம், நாள். மத்ததெல்லாம் நானே எழுதினேன். அம்மா எப்படிச் செத்தாங்கன்னு எழுதினேன். எனக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதினேன், அது பொய். நீ வரலைன்னா நான் செத்தப்பறம் நம்ம வீட்டுல மிச்சம்னு யாருமே இல்லைன்னு எழுதினேன். நல்லாத்தான் எழுதினேன். படிச்சுப் பாத்துட்டுக் கர்னலே இன்னொரு தடவை படிச்சான்.

அந்த நாள் காலையில என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. காபிக்கொட்டை காயவைக்கிற களம் ஒண்ணு, நடுவுல ஒரு நாற்காலி போட்டு என்னை உக்கார வெச்சாங்க. சுத்திக் கொட்டகைங்க. உள்ளுக்குள்ள சிப்பாய்ங்க. ஏன் இத்தனை பேருன்னு கேட்டேன். உங்க பாதுகாப்புக்குன்னான். சூரியன் தலைக்கு மேல வந்துடுச்சு. அப்ப தோட்டத்துக்குள்ளேர்ந்து ரெண்டு பேர் நடந்து வந்தாங்க. ஒருத்தன் சிப்ரியானோ, அவனை அடையாளம் தெரிஞ்சுது. இன்னொருத்தன் யாரோ பிச்சைக்காரன்னு நெனைச்சேன். வெறுங்காலு. தாடி நரைச்சுப்போய். முப்பத்து மூணு வயசு ஐயா அவனுக்கு. முன்பல்லு ரெண்டு இல்லை.

களத்து ஓரத்துலயே நின்னுட்டான். சத்தம் போடலை, பக்கத்துல நின்னு பேசற மாதிரி பேசினான்.

"எடெல்மீரா, எழுந்து மெதுவா என்கிட்ட நடந்து வா."

"அண்ணா, அவங்க சத்தியம் பண்ணியிருக்காங்க. கப்பல் இருக்கு."

"சரிம்மா. நீ நடந்து வா."

நடந்தேன். களம் ரொம்ப நீளம். அவன் கையை நீட்டினான், நானும் நீட்டினேன், கை பட்டதும் இழுத்து ஓரத்துல இருந்த வாய்க்காலுக்குள்ள என்னைத் தள்ளிட்டு மேல விழுந்தான். அதுக்குள்ள நாலு பக்கமும் வெடிச்சுது. அவன் ஆளுங்க மேட்டுல காத்துக்கிட்டு இருந்திருக்காங்க, அவங்களும் சுட்டாங்க. அரை மணி நேரம் இருக்கும். எல்லாம் முடிஞ்சப்ப கர்னல் செத்துக் கிடந்தான். சிப்ரியானோவோட வலது கை முழங்கைக்குக் கீழே தொங்குச்சு. இவனுக்கு வயித்துல ரெண்டு குண்டு. அவன் ரத்தம் என் உடுப்பு முழுக்க. சேறுன்னு நெனைச்சு உதறினேன்.

மலையில ஒரு ஓலைக் குடிசை, அதுதான் அவங்க ஆஸ்பத்திரி. ஒன்பது நாள் கிடந்தான். நான்தான் பாத்துக்கிட்டேன். ரெண்டாம் நாள் அம்மா என்னைக் கேட்டாங்களான்னான். இல்லைன்னு சொன்னேன். கேட்டாங்க ஐயா. அஞ்சு நாளும் அவன் பேரைத்தான் கேட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். அவன் தலையாட்டிட்டு ஓலையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தான்.

நாலாம் நாள் கேட்டேன், அந்தக் கடிதம் ஒரு பொறின்னு உனக்குத் தெரியாதான்னு.

"தெரியும். முதல் வரி படிச்சதுமே தெரியும். சிப்ரியானோகூடப் போகாதேன்னு காலைப் பிடிச்சான்."

"அப்ப ஏன் வந்தே?"

"கூப்பிட்டியே."

எழுதிக்கிட்டீங்களா? கூப்பிட்டியே. ஒரு ஜெனரல் பேசற பேச்சா இது? பதினாலு ஆலையைக் கொளுத்தினவன், ஆயிரம் பேரோட உசிரைக் கையில வெச்சிருக்கறவன், ஒரு தையக்காரி பொய்யா நாலு வரி எழுதிட்டான்னு கிளம்பி வருவானா? அம்மா பாடையைத் தூக்க வராதவன், இதுக்கு எதுக்கு வரணும்? யார் வரச் சொன்னா? நான்தான் சொன்னேன். ஆனா வரக் கூடாது இல்லையா. அவனுக்கு அறிவு வேண்டாமா.

அந்தச் சண்டையில அவன் ஆளுங்க பதினோரு பேர் செத்தாங்க. குடிசைக்கு வெளியில இருந்த அவனோட அதிகாரிங்க என்னை விட்டுவைக்கறதா இல்லை. கடிதம் அவங்க கையில இருந்துச்சு. துரோகிக்கு என்ன தண்டனையோ அதைக் குடுக்கணும்னு பேசினாங்க. பேசினது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். குடிசை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன், எனக்குப் பயமா இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு.

அதுக்கும் விடலை அவன். எழுத்தரைக் கூப்பிட்டு, தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒரு காகிதம் எழுத வெச்சான். அந்தக் கடிதத்தை என் தங்கை எழுதினது என் உத்தரவுப்படி, எதிரியை வெளியே இழுக்கறதுக்காக நான் போட்ட திட்டம், அவள் உயிரைப் பணயம் வெச்சு இந்த நாட்டுக்குச் செய்த சேவை. அப்படின்னு. முழுப் பொய். வாழ்நாள்ல பொய் சொல்லாதவன், பெத்த தாய் முன்னாலேயே பிடுங்கி வெச்சிருந்தோம்னு உண்மையைப் போட்டு உடைச்சவன், சாகப்போற நேரத்துல கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னான். சாட்சிக்கு யாருன்னு கேட்டாங்க. பக்கத்துப் பாயில கை வெட்டின வலியில கிடந்த சிப்ரியானோ இடது கையால ஒரு கோடு இழுத்தான். மூணு நாள் கழிச்சு லெயாண்ட்ரோ போயிட்டான்.

அந்தக் காகிதத்தைப் படிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க. சிலைக்குக் கீழே கல்லுல, வீரத் தங்கை எடெல்மீரா பெனால்வெர்னு வெட்டப் போறீங்க, அதுக்கு என் கையெழுத்து வேணும். உங்க பையில இருந்து நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளோட ஓரம் தெரியுது. கொண்டாங்க. இதோ பாருங்க, கிழிச்சாச்சு.

வீட்டை எடுத்தான், சும்மா இருந்தேன். வந்த மாப்பிள்ளை போனான், சும்மா இருந்தேன். நான் பண்ணின ஒரே ஒரு காரியம், என் கையால, என் புத்தியால பண்ணினது, அதையும் தன்னோட உத்தரவுன்னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். என் குத்தத்தைக்கூட எனக்குன்னு விட்டுவைக்கலை அவன். முப்பது வருஷமா டவுனுக்குப் போனா அவன் படையில இருந்த வயசான சிப்பாய்ங்க எழுந்து நின்னு வழி விடறாங்க. எனக்கு. பாதிரியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன், அவரும் உங்க அடக்கம் பெரிசும்மான்னு அனுப்பிட்டார். எங்கே போய்ச் சொல்றது நான்?

இவனைக் கேளுங்க. சிப்ரியானோ, அங்கே கதவுக்குப் பின்னால நிக்காதே, இப்படி வா. ஐயாவுக்குச் சொல்லு, கடிதம் ஜெனரல் உத்தரவா?

கேட்டீங்களா. ஆமா சின்னம்மா, ஜெனரல் உத்தரவுதான்னு சொல்றான். முப்பது வருஷமா இதே பதில்தான். இவன் கை போனதே என்னாலதான், அதைக்கூடச் சொல்ல மாட்டான். ஒரு நாள் கோவத்துல ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும். திட்டாம, சோளம் வேகுது சாப்பிட வாங்கங்கறான்.

என் பேரை எடுத்துடுங்க. அந்த இடத்துல வெட்டறதுக்கு, அன்னிக்குச் செத்த பதினோரு பேரோட பேரை நான் சொல்றேன். தோமாஸ். எங்க வீட்டுல துணி வெளுத்த ஃபெலிசியானாவோட புருஷன். ஆலை மணி அடிச்ச அன்னிக்கு முதல்ல லெயாண்ட்ரோ பக்கம் போய் நின்னவன். அப்பறம் ரெண்டு சகோதரங்க, பெனிக்னோ, எலியாஸ். குடிசைக்குத் தண்ணி சுமக்க வந்த ஒரு பொம்பளையோட பிள்ளைங்க அவங்க. அவளே எங்கிட்ட சொன்னா, நான் யார்னு தெரியாம. ஹிலாரியோ. அவன் காபித் தோட்டத்துக் காவக்காரனா இருந்தவன், வழி காட்டினது அவன்தான். இன்னும் ஏழு பேர் இருக்காங்க, எல்லார் பேரும் எனக்குத் தெரியும்.

ஏன் ஐயா புஸ்தகத்தை மூடறீங்க? எழுதுங்க. தோமாஸ்.